கை ஆடினால் ஆடட்டும்

மார்ச் 3, திங்கள்

நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார். கை நடுக்கம் போகாது. மாத்திரையில் கொஞ்சம் குறையலாம், பதற்றப்பட்டால் கூடும். "மனசை லேசா வெச்சுக்கங்கம்மா" என்றார். பீங்கான் கடைக்காரியிடம் சொல்கிற பேச்சா இது? கப்பும் சாசருமாக லாரி வந்து நிற்கும்போது எவளுக்கு மனசு லேசாக இருக்கும்?

கடைக்குத் திரும்பியதும் மகன் என் போனை வாங்கி ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். ஒரு குளம், ஒரு சின்னப் படகு. போனைச் சாய்க்கிற பக்கம் படகு போகும். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை; பின்னால் தூங்கவைக்கிற மாதிரி ஒரு இசை. படகு ஆடாமல் கரைப்பக்கம் போனால் ஒரு வாத்து வந்து ஏறி உட்காருமாம்.

"எதுக்குடா இது?"

"ரிலாக்ஸா இருக்கத்தாம்மா."

"லாபமும் இல்ல, நட்டமும் இல்லன்னா அது என்னடா விளையாட்டு?"

"அதாம்மா ரிலாக்ஸு."

என் கையில் அந்தப் படகு புயலில் மாட்டிக்கொண்டதுபோல் ஆடியது. வாத்துகள் என்னைக் கண்டதுமே பறந்துவிட்டன.

மார்ச் 4, செவ்வாய்

வாத்து வரவில்லை. எத்தனை முரட்டு வியாபாரிகளை மடக்கியிருக்கிறேன், ஒரு வாத்தை மடக்க முடியாதா?

மார்ச் 6, வியாழன்

ஒரு வாடிக்கையாளர் முன்னால் கப்பைச் சாசரில் வைத்தேன். குளிரில் பல் அடிப்பதுபோல் தடதடவென்று சத்தம். அவர் கப்பைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். விலை பேசும்போது கை நடுங்கினால் என்ன அர்த்தம்? பயம். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்திக் கேட்பேன்.

"நீங்க கொஞ்ச நாள் உள்ரூம்ல இருங்கம்மா. முன்னாடி நான் பாத்துக்கறேன்" என்றான் மகன். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. பிள்ளை நல்லவன். அதற்காக முன்மேசையைக் கொடுத்துவிட முடியுமா? தள்ளுவண்டியில் டம்ளர் விற்று நான் பிடித்த இடம்.

"ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கூட இல்ல" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

உட்கார்ந்துவிட்டது! வெள்ளை வாத்து, படகு மூக்கில், ராணி மாதிரி. நான் போட்ட சத்தத்தில் மகன் ஓடி வந்தான். "பாத்தியா, பாத்தியா! கை நின்னுடுச்சுடா!" என்றேன். சிரித்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏன்?

மார்ச் 13, வியாழன்

கேன்டீன்காரர் வாங்காமல் போய்விட்டார்.

கடை தொடங்கிய நாளிலிருந்து என்னிடமே வாங்குகிறவர். புதிதாக மூன்று கேன்டீன் எடுத்திருக்கிறார், அத்தனைக்கும் கப் வேண்டும். உள்ரூமில் அவர் குரல் கேட்டு எழுந்து வருவதற்குள் படியிறங்கிவிட்டார். முன்மேசையைப் பார்த்தேன். மேசைக் கண்ணாடியே தெரியாமல் கெட்டியான பச்சைத் துணி விரித்திருந்தது.

எங்கள் தொழிலில் மேசைமேல் துணி விரிப்பவன் திருடன். நல்ல கப்பை வெறும் மேசையில் வைத்துச் சுண்டினால் கணீர் என்னும். விரிசல் விட்டது டொக்கென்று செத்த சத்தம் போடும். துணிமேல் வைத்தால் இரண்டும் ஊமை. வாங்க வருகிறவன் துணியைப் பார்த்ததுமே திரும்பிவிடுவான், வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டான்.

"ஏண்டா விரிச்ச?"

"நீங்க வெளிய வந்தாலும் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதாம்மா. எல்லாரும் உங்க கையையே பாக்கறாங்க. என்னால தாங்க முடியல."

சட்டென்று ஒன்று உறைத்தது.

"வாத்தையும் நீதான் உக்கார வெச்சியா?"

என் போனை எடுத்துப் பார்த்தேன். போனைச் சாய்த்தால் படகு எவ்வளவு ஆடணும் என்று கூட்டிக் குறைக்க அதில் ஒரு கோடு இருக்கிறது. அதை அடிமட்டத்துக்கு இறக்கிவைத்திருந்தான். போனைத் தலைகீழாக உலுக்கினாலும் அந்தப் படகு அசையாது.

என்னை என்ன பொம்மைன்னு நெனச்சானா? நான் கேட்டேனா இவன்கிட்ட? துணியைப் பிடுங்கி எறிஞ்சேன். கோட்டை மேலே ஏத்தினேன், முழுசா. படகு ஆடட்டும். நானும் ஆடறேன். யாருக்கு என்ன?

மார்ச் 14, வெள்ளி

கேன்டீன்காரருக்குப் போன் போட்டேன்.

"உங்கமேல சந்தேகம் இல்லக்கா... ஆனா துணி விரிச்சிருந்துச்சே. எதிர்க்கடைல பேசிட்டேன். நாளைக்கு மத்தியானம் அட்வான்ஸ் குடுக்கறதா சொல்லிட்டேன்."

"காலையில நான் வரேன். என் சரக்கைப் பாத்துட்டு அப்புறம் யாருக்கு வேணா குடுங்க."

மார்ச் 15, சனி

வழிநெடுகப் பயம்தான். இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

மகன் பெட்டியைத் தூக்கி வந்தான். கேன்டீன் சமையலறையில் வெறும் ஸ்டீல் மேசை. "நான் எடுத்து வெக்கறேம்மா" என்றான். "தள்ளி நில்லு" என்றேன்.

முதல் கப்பை எடுத்தேன். கை கன்னாபின்னாவென்று ஆடியது. சாசரில் மோதி, மேசையில் மோதி, ஊரையே கூட்டுகிற சத்தம்.

"பாத்தும்மா, உடைஞ்சிடப் போகுது!" என்று சமையல்காரர் பதறினார்.

"உடைஞ்சா என் நட்டம். நீங்க பாத்துட்டே இருங்க."

பெட்டி காலியாகும்வரை ஒவ்வொன்றாக அடித்து அடித்து வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகச் சுண்டினேன். எல்லாம் கணீர்.

"கூட்ட நேரத்துல உங்க ஆளுங்க கப்பை எப்படி வெப்பாங்க? என்னை மாதிரிதானே?"

"இதைவிட மோசமா" என்றார் சமையல்காரர்.

"அப்ப என் கைக்குத் தாங்கினது உங்களுக்குத் தாங்காதா?"

கேன்டீன்காரர் ஒரு கப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கை என்னக்கா ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். இத்தனை நாளில் நேராகக் கேட்ட முதல் ஆள்.

"நரம்புக் கோளாறு. போகாதாம். பயத்துல நடுங்கறேன்னு நெனச்சு விலையைக் குறைச்சுக் கேக்காதீங்க."

"கேக்கத்தான் வாயைத் திறந்தேன்" என்று சிரித்தார். "மூடிக்கறேன்."

திரும்பும் வழியில் மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு இரண்டடி பின்னாலேயே வந்தான். நானும் சமாதானம் சொல்லவில்லை. கொஞ்சம் வலிக்கட்டும்.

ஏப்ரல் 9, புதன்

கேன்டீன்களுக்குக் கடைசி லோடு போனது. மாத்திரையைக் கூட்டியும் வலது கை இன்று அதிகம். டீயை ஸ்ட்ரா போட்டுக் குடித்தேன். முன்மேசையில்தான் இருந்தேன். எதிர்க்கடைக்காரரும் தன் ஆளை விட்டு வாடிக்கையாளர் முன்னால் கப்பை அடித்துக் காட்டச் சொன்னாராம். வரிசையாக உடைந்தது என்று லோடுமேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்து சொன்னார்.

மதியம் கூட்டம் இல்லாதபோது படகை எடுத்தேன். வாத்துகள் வழக்கம்போல் பறந்தன. படகைச் சுற்றி அலை அலையாகத் தண்ணீர், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது புதிதாக ஒரு பெண்மணி வந்தார். என் கையைக் கவனித்துவிட்டு நேராக மகனிடம் போய்க் கப் காட்டச் சொன்னார்.

அவன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"அம்மா காட்டுவாங்க" என்றான்.