மூன்று நோட்டும் நாலு விவரமும்

அன்பு மகளுக்கு,

இங்கே அம்மா நலம், கடை நலம், நான் கோபமாக நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன், நம்புவது என் பழைய வியாதி. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் எதிர்வீட்டுத் தையற்காரர் பெயரில், நம் கடைச் செயலியில், நம் கடையிலேயே குழாயை மூலையில் திருப்பும் எல்போ ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். தப்பான சரக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போட்டேன், வந்தது. முக்கால் இன்ச் வேண்டியவனுக்கு அரை இன்ச். படத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கிறதே, கீழே பொடியாகப் போட்ட அளவை யார் படிக்கிறார்கள், வாங்குகிறவன் என்ன செய்வான்? அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி, நாலு வாடிக்கையாளர் பார்க்க உன் மாமாவின் மூக்குக்கு நேரே ஆட்டினேன், என் நோட்டு எங்கேடா என்று கேட்டேன்.

எந்த நோட்டு என்று உனக்குத் தெரியும். செயலி செய்து தருகிறவர் ஒரு பொருளுக்கு எத்தனை விவரம் வேண்டும் என்று கேட்ட அன்றே எல்லாம் வேண்டும் என்றேன், எல்லாரும் மண்டையை ஆட்டினீர்கள். மூன்று மாதம் உட்கார்ந்து தொள்ளாயிரம் பொருளுக்கும் எழுதினேன். வெந்நீர் தாங்குமா, மரைக்கு எத்தனை சுற்று டேப், எதை எதோடு மாட்டினால் ஒழுகும், வாஷருக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். மணிக்கட்டு வீங்கியது, அம்மா தைலம் தேய்த்தாள், நீ போனில் சூப்பர்ப்பா, விடாம எழுதுங்க என்றாய். கடைசியில் செயலியில் ஏறியது படம், பெயர், அளவு, விலை. உன் மாமா தலையைச் சொறிந்துகொண்டு, என்னைத் திட்டாதீங்க அத்தான், நாலு போதும், அப்பா பாட்டுக்கு எழுதிட்டிருக்கட்டும், அவருக்குப் பொழுது போகும்னு சொன்னதே உங்க பொண்ணுதான் என்று போட்டு உடைத்தான். அந்த நாலு வாடிக்கையாளரும் சட்டென்று கூரையை ஆராய ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டால், மடித்து வைத்த துணியையே திரும்ப மடிக்கிறாள். அவளுக்கும் தெரியும்! உன் மாமா ஏமாற்றியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், அவன் சீட்டாட்டத்திலேயே என்னை ஏமாற்றுகிறவன். நீ செய்ததுதான் ஆறமாட்டேன் என்கிறது. பொழுது போகத்தான் எழுதினேனா? எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று நோட்டில்தானம்மா இருக்கிறது.

நாலு நாளாகக் கடைக்குப் போகவில்லை. நீயே மாமாவுக்குப் போன் செய்து நோட்டில் உள்ளதை ஏற்றச் சொல்லும்வரை போவதாகவும் இல்லை. உன் சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா? நீயாகக் கழற்றாதே, படத்தை மட்டும் அனுப்பாதே, அளவு, வயது, சொட்டும் வேகம் எல்லாம் எழுதி அனுப்பு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, அவருக்கு இதில் பங்கில்லை என்று நினைக்கிறேன், இருந்தால் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். நூறு வயது நன்றாக இரு. கோபத்தோடு சொன்னாலும் என் வாக்கு பலிக்கும்.

இப்படிக்கு,
பொழுது நன்றாகவே போன உன் அப்பா

பி.கு.: செயலி வந்த இந்த இரண்டு மாதத்தில் மாறிப்போய்த் திரும்பி வந்த சரக்கு எத்தனை என்பதையும் அம்மா எழுதச் சொல்கிறாள். ஒன்று. நான் வாங்கிய எல்போ.