திரும்பிப் பார்க்கிறவள்

அன்புள்ள ரோஸ்லினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் டல்சி அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் காலைப் பற்றி ஆஸ்பத்திரியில் உனக்குச் சொல்லியிருப்பார்கள், முழுக்கதை அவர்களுக்கே தெரியாது. மழை பிடித்துப் பதினேழாம் நாள் மாடுகளை மேட்டுக்கு ஓட்டும்போது குதிரை வழுக்கி அவர் கால்மேல் விழுந்துவிட்டது. வீட்டைச் சுற்றித் தண்ணீர், பாதையே இல்லை, விமானம் இறங்கும் தரையும் முழங்கால் சேறு. ரேடியோவில் கூப்பிட்டு, டன்ஸ்டோ ஆற்று வளைவில் இருக்கிறோம் என்று நான்தான் சொன்னேன். நம் மேற்குக் கிளையைத்தானே எல்லோரும் டன்ஸ்டோ என்கிறோம், வரைபடத்தில் அந்தப் பெயரைக் கிழக்குக் கிளைக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், நம்முடையது பெயரில்லாத நீலக்கோடு. இரண்டு நாள் ஹெலிகாப்டர் அந்தக் கிழக்குக் கிளையிலேயே தேடியிருக்கிறது. இங்கே அவர் கால் கறுத்துக்கொண்டே வந்தது, நான் துணியை மாற்றுவதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் டல்சி அத்தை ரேடியோவை என் கையிலிருந்து வாங்கினாள். "பேரை விடுங்கப்பா. ரெண்டு சிவப்புக் குன்று ஒட்டினாப்ல நிக்கும், அதுக்கு நடுவுல புகுந்து வடக்க போற ஆறு மறுபடி தெக்க திரும்பும். இந்தப் பக்கம் அப்படித் திரும்புறது ஒண்ணுதான். அந்த மடக்குல என் தம்பி கிடக்கான்" என்றாள். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார்கள். அத்தையும் அப்பாவும் பேசும் மொழியில் நம் ஆற்றுக்குப் பெயரே திரும்பிப் பார்க்கிறவள் என்பதுதான், இந்த வீட்டுக்கு வாழ வந்து முப்பது வருஷமாகியும் அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டன்ஸ்டோ யார் என்று விமானி கேட்டதற்கு, "யாரோ ஒரு துரையோட மச்சானாம், இந்தத் தண்ணியில கால் நனைச்சவன் இல்ல" என்றாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முந்தியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஹெலிகாப்டரில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது, நாங்கள் இங்கேயே கிடக்கிறோம், பன்னிரண்டு நாளாகிறது, தண்ணீர் கடைசிப் படியை விட்டு இறங்கவில்லை. தவறான பெயரைச் சொன்னது நான் என்று அவருக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியும், ஆனாலும் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கிறாள், அதுதான் தாங்க முடியவில்லை.

ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் மாவு மூட்டை இறக்க வருகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ கிளம்பி வராதே, வழியில் நீயும் மாட்டிக்கொள்வாய். தினமும் அவரைக் கூப்பிட்டுப் பேசு, இதை மட்டும் சொல்லிவிடாதே, அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்ல வேண்டும். கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
நோரீன்