உன் மேசையின் வெளிச்சம்

அக்கா, காலையில் பற்றவைத்த ஈயத்தின் வாசனை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. ஐந்தே நிமிட வேலை. நகத்தளவு சில்லு ஒன்றை வைத்ததும் வெளிச்சம் அளக்கும் பெட்டி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இதைத் தள்ளிப்போட்டே எத்தனை மாதம் கடத்தினேன் என்று நினைத்தால் இருப்புக்கொள்ளவில்லை.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இரும்பு வார்ப்புகளில் விரிசல் பார்க்கும் வேலை நம் இருவருக்கும். அடுத்தடுத்த மேசை. நீ பார்த்து அனுப்பியவற்றில்தான் விரிசல் என்று புகார் வந்துகொண்டே இருந்தது. மீஞ்சூரில் ரயிலேறும்போது, கண் டாக்டரைப் பார் என்று நானே உன்னிடம் சொன்னேன். நீ கோபப்படவில்லை.

“கண்ணு நல்லாத்தான் கீது. என் மேசையில வெளிச்சம்தான் பத்தல. நீ எலக்ட்ரானிக்ஸ் படிச்சிகிற இல்ல, அளந்து காட்டு.”

ஜம்பமாகத் தலையாட்டினேன். உள்ளங்கையளவு கணினிப் பலகை, மெமரி கார்டு, பவர் பேங்க், ஒளி உணரி எல்லாம் வாங்கினேன். உணரி தருவது கூடிக் குறையும் மின்னழுத்தம். பலகைக்குப் புரிவதோ உண்டு, இல்லை இரண்டுதான். நடுவே அதை எண்ணாக மாற்ற ஒரு சில்லு வேண்டும் என்பது டிப்ளமோ படித்த எனக்கு எல்லாம் வாங்கிய பிறகுதான் உறைத்தது. ஆர்டர் போடலாம், போடலாம் என்றே இருந்தேன். அதற்குள் பதிவேட்டில் உன் பெயருக்கு நேரே ‘பார்வைக் குறைவு’ என்று சூபர்வைசர் எழுதி, உன்னை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் நீயும் போய்விட்டாய்.

இன்று பெட்டியைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து உள்ளே கொண்டுபோனேன். துல்லியமான கணக்குக்கு நல்ல மீட்டரோடு ஒப்பிட வேண்டும். எந்த மேசை இருட்டு என்று தெரிய இதுவே போதும். உன் மேசையில் வந்த எண், என் மேசையில் வந்ததில் பாதிகூட இல்லை.

சூபர்வைசரிடம் காட்டினேன். விளக்கை மாற்றச் சொல்கிறேன் என்றார். உன்னைப் பற்றிப் பதிவேட்டில் எழுதியதையும் அடித்துவிடச் சொன்னேன்.

“போனவங்க பேருல இன்னா எழுதியிருந்தா இன்னாமா?”

எனக்கு வந்த கோபத்தில், விரிசல் உள்ள ஒரு வார்ப்பை உன் மேசையில் வைத்து, நீங்களே பாருங்கள் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நல்லதோடு சேர்த்து வைத்தார். அதை எடுத்துப்போய் என் மேசை விளக்கில் காட்டினேன். விரிசல் பளிச்சென்று தெரிந்தது. அவர் பதிவேட்டை எடுத்து அந்த வரியைத் தன் கையாலேயே அடித்தார்.

அவர் எழுதியது போய்விட்டது. உன்னை நம்பாமல் இருந்தேனே, அது என்னோடுதான் இருக்கிறது அக்கா.