சதம் செலவில்லாத புதன்கிழமை

பெப்ரவரி 11, செவ்வாய்

-14 பாகை. வாசல் படியில் பனிக்கட்டி உருக உப்புப் போட்டேன். பாதிப் படியோடு பை தீர்ந்துவிட்டது.

மாமி வந்து ஆறு நாள். அப்பாவின் தங்கை. பாரிசில் இருபத்தேழு வருடம், உணவகச் சமையலறை வேலை. ரொறன்ரோவுக்கு இதுதான் முதல் தடவை. இதுவரை பார்த்தவை சொந்தக்காரர் வீடுகள்தான்:
மோர்னிங்சைட்டில் மூன்று வீடு
மார்க்கத்தில் இரண்டு
அஜக்ஸில் ஒன்று
ஒரு வீட்டை விட்டால் அந்த வீடு பிறகு முகம் கொடுக்காது. ஆகவே மாமிக்கு இந்த நகரம் ஆறு சோபாக்களும் ஆறு தட்டு ரோல்ஸும்.

பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு வெள்ளிக்குள் பதில் எழுத வேண்டும். ஒரு வருடப் படிப்பு. கட்டணத்தை அவர்களே கட்டுவார்கள். மாமி வீட்டில் தங்கினால்தான் கட்டுப்படியாகும். அப்பாவின் தீர்ப்பு: "தங்கச்சி ஓம் எண்டால் போ. நான் குறுக்கால நிக்கமாட்டன்."

சாப்பிடும்போது கேட்டேன். மாமி புட்டைக் குழைத்தபடி, "இடம் பிரச்சினையில்லை பிள்ளை. சின்ன அறை சும்மாதான் கிடக்கு. ஆனால் கையில காசில்லாமல் அங்க என்ன செய்வாய்? வேலை, ரெயின், வீடு. வேற ஒண்டுமில்லை. உனக்கு விசர் பிடிச்சிடும்."

"காசில்லாமல் பாக்க நிறைய இருக்கு மாமி."

"ஆர் சொன்னது?"

புத்தகங்கள் என்று சொல்ல வெட்கம். இந்த நாட்குறிப்புக் கொப்பியின் நடுவில் இருக்கிறது பட்டியல்: பாரிஸ், காசில்லாமல், 23 இடங்கள். பதினாறு வயதிலிருந்து சேர்த்தது. பாலங்கள், தேவாலயங்கள், மாதத்தின் முதல் ஞாயிறு திறந்துவிடும் அருங்காட்சியகங்கள்.

"நாளைக்கு ஒருநாள் என்னோட வாங்கோ. இங்கதான். ஒரு சதம் செலவழிக்கிறேல்லை. உங்களுக்கு அலுத்தால் நான் பிறகு பாரிஸ் எண்ட கதையே எடுக்கமாட்டன்."

அப்பா: "குளிருக்க கூட்டிக்கொண்டு போய் என்ர தங்கச்சியைக் கொல்லப்போறாள்."

மாமி: "பாப்பம்."

பெப்ரவரி 12, புதன்

-17. காற்று இல்லை. அப்பா வேலைக்குப் போகும் காரிலேயே போனோம். மாமியின் கைப்பை கனம்: பிளாஸ்க், ஐஸ்கிரீம் டப்பாவில் இடியப்பம், மாற்றுக் காலுறை.

ஏழு மணிக்கு ஏரிக்கரை. இந்த நகரத்தில் பிறந்தவள் நான். ஒரு குளிர்காலக் காலையிலாவது இங்கே வந்து நின்றதில்லை. தண்ணீர் முழுவதும் ஆவிப் புகை. சூரியன் வந்ததும் புகை ரோஜா நிறமானது, பிறகு பொன். அதற்குள் வாத்துக்கள், தலை மட்டும். குளிரில் கண்ணிமை ஒட்டிக்கொண்டது.

மாமி: "கடலே?"

"ஏரி மாமி."

"அங்கால கரையைக் காணேல்லை. எனக்குப் பொய் சொல்லாதை."

பிறகு நகர நடுவில், கட்டடங்களை இணைக்கும் நிலத்தடி நடைபாதைகள். சூடும் இலவசம். வேலைக்குப் போகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். மாமி முகம் இறுகியது. "உது எங்கட மெற்றோ மாதிரித்தான். உதைப் பாக்க நான் கடல் தாண்டி வரவேணுமே?" சரி, தோற்றேன் என்று நினைத்தேன்.

மதியம், ஓப்பரா மண்டபத்தின் இலவசக் கச்சேரி. கண்ணாடிச் சுவர், படிகளே இருக்கை. வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. ஒரு பியானோ, கறுப்புச் சட்டையில் ஒரு பெண். என் வயதுதான். ஒலிவாங்கி கிடையாது. வாய் திறந்தாள். அந்த உயரம் முழுக்கக் குரல். பனி அந்தக் குரலுக்காக மெதுவாக விழுகிறது போல. ஒரு மனித உடம்பில் இவ்வளவு இடம் எங்கே இருக்கிறது?

மாமி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். வாயில் ஏலக்காய். மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

மூன்றாவது பாட்டில் என் காதருகே: "பிரெஞ்சு."

"விளங்குதே?"

"விளங்குது. போகாதை, இன்னும் விடியேல்லை எண்டு சொல்லுறாள்." கொஞ்சம் கழித்து: "இருபத்தேழு வருசமா இந்தப் பாஷையில எனக்குக் கெதியா, கெதியா எண்டுதான் சொல்லியிருக்கினம். இதுக்குள்ள இப்பிடியும் கிடந்திருக்கு."

கைதட்டல் முடிந்தது. நான் ஜக்கெற் போட்டு நிமிர்வதற்குள் மாமி கீழே இறங்கிவிட்டார். அந்தப் பெண்ணின் கையில், இரண்டு கையாலும், ஒரு என்வலப். பலூன் படம் போட்டது. சனிக்கிழமை, சொந்தக்காரப் பிள்ளை கவினின் ஆறாவது பிறந்தநாளுக்கென்று காசு வைத்து, பெயர் எழுதி ஒட்டியது. பெண் என்வலப்பைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், பிறகு நெஞ்சில் கைவைத்துக் குனிந்தாள்.

"மாமி, இது இலவசம்."

"எங்களுக்கு இலவசம். அவளின்ர தொண்டையும் இலவசமே? வெறுங்கையோட வந்து கேட்டிட்டு எழும்பிப் போறதே?"

அப்போதுதான் உறைத்தது. ஒரு சதம்கூடச் செலவில்லை என்று சொன்னவள் நான்.

பிறகு பூங்காவின் கண்ணாடி வீடு. வெளியே வெள்ளை, உள்ளே வியர்வை. கூரையை முட்டும் வாழை. மாமி தண்டைத் தட்டிப் பார்த்து, "உது குலை போடாது." ஆனாலும் உட்கார்ந்த மர வாங்கிலிருந்து ஒரு மணித்தியாலம் எழும்பவில்லை. இடியப்பத்தை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டபடி, பட்டியலைப் பற்றி மாமியிடம் சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது காரில் அப்பா: "எத்தினை செலவு?"

மாமி: "இருபது டொலர்."

"அப்ப தோத்திட்டாள்." சிரித்துச் சிரித்து லைற்றில் பச்சை விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து ஹோர்ன். மாமி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 13, வியாழன்

-6. சேற்றுப்பனி. மாமி ஏழாவது வீட்டுக்குப் போய்வந்தார். பாரிஸ் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை. சொன்ன சொல்.

பதில் கடிதம் இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். நன்றி சொல்லி மறுப்பது நன்றாக வந்திருக்கிறது. அதுதான் எரிச்சல்.

பெப்ரவரி 14, வெள்ளி

வெயில். கூரையிலிருந்து சொட்டுகிறது. 11 மணி.

மாமி வெங்காயம் உரித்தபடி: "அந்தப் பட்டியலைக் கொண்டா பாப்பம்."

கொப்பியின் நடுப்பக்கத்தைத் திறந்து, மற்றப் பக்கங்களைக் கையால் மூடிப் பிடித்தேன். விரல் வைத்து வாசித்தார். "இதுக்குக் கீழால நான் நாளாந்தம் ரெயினில போறனான். மேல ஏறிப் பாக்கேல்லை. இது... கோபுரம் தெரியும். இது எங்க கிடக்கு? வாற சொந்தக்காரரை மகனோட அனுப்பிப்போட்டு நான் வீட்டில நிண்டு சமைக்கிறது."

"எத்தினை பாத்திருக்கிறியள்?"

"ரெண்டு. ரெண்டும் ரெயின் யன்னலால."

கண்ணைத் துடைத்தார். வெங்காயம்.

அப்பா வந்ததும்: "அண்ணை, பிள்ளை வரட்டும்."

"இருபது டொலர் போனதெல்லே?"

"அது என்ர பழக்கத்தின்ர செலவு. ஊரின்ர செலவில்லை."

அப்பா கொஞ்ச நேரம் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "அங்கயும் குளிர்தான். நல்ல ஜக்கெற் வாங்கு."

4.10க்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவசரத்தில் இரண்டு தரம் அழுத்திவிட்டேன்; இரண்டு தரம் போயிருக்கிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

மாமி போய்விட்டார். விமான நிலையத்தில் ஒன்பது வீட்டார், பதினொரு பலகாரப் பெட்டி. நிறை கூடி மூன்றைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால், கொப்பியில் பட்டியல் இருந்த நடுத்தாள் இல்லை. ஓரம் நேராக இருக்கிறது. மாமிதான், அடிமட்டக் கோல் வைத்துக் கிழித்திருக்கிறார்.

பெப்ரவரி 23, ஞாயிறு

-3. தூறல் பனி. உடுப்புத் தோய்த்தேன்.

மாமியிடமிருந்து ஒரு படம். ஆற்றுத் தண்ணீர், சாம்பல் நிறத்தில். பாலத்தின் கல்மதில் மேல் அந்தக் கைப்பை, பக்கத்தில் பிளாஸ்க். ஆளைக் காணவில்லை, எடுத்தது அவர்தான். கீழே குரல் செய்தி, காற்று இரைச்சலோடு: "பட்டியலில நாலாவது பாத்தாச்சு. தனியத்தான் வந்தனான். அலுக்கேல்லை."