அசனத்துக்கு டோக்கன்

அம்மாவுக்கு ரூபனின் ஸ்தோத்திரம். வால்பாறையில் மழை விட்டதா? உன் முழங்கால் எப்படி? எனக்குக் குறைச்சல் இல்லை. தூத்துக்குடித் துறைமுகப் புழுதியைத் தின்றே ஒரு கிலோ ஏறிவிட்டேன்.

ஒரு சின்ன விளையாட்டு நடந்தது, பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமை முத்தையாபுரம் வேதக்கோயிலில் அசனம். ஊருக்கே இலவசமாக ஆட்டுக்கறிச் சோறு. எங்கள் லாரி ஷெட் வாட்ச்மேன் மாசிலாமணி தாத்தா குடியை விட்டு, முப்பது வருஷம் கழித்துக் கோயிலுக்கு வந்திருந்தார். வாசலில் மறித்தேன்.

"சட்டம் மாறிப்போச்சு தாத்தா. பத்துக் கட்டளை சொன்னாத்தான் டோக்கன், டோக்கன் இருந்தாத்தான் பந்தி."

கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். நாலாவதில் நின்றுபோனார். "ஃபெயில்" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால், தலையாட்டிவிட்டு நடந்தே போய்விட்டார். ஒரு கட்டளையும் சொல்லாத நான் மூன்று தடவை சோறு வாங்கினேன்.

மறுநாள் போய், "சும்மா விளையாடினேன் தாத்தா, எல்லாருக்கும் இலவசம்தான்" என்றேன்.

"ஏலே, இரக்கப்பட்டுப் பொய் சொல்லாத. நான் வாழ்ந்த வாழ்வுக்கு எவன் சும்மா சோறு போடுவான்? நீ கேட்டதுதான் நியாயம்."

சபைப் போதகர் ஐயரையே கூட்டிவந்தேன். கிருபைக்குத் தகுதி பார்ப்பதில்லை என்று அவர் கெஞ்சாத குறை. "ஐயா நல்லவங்க, அப்படித்தான் சொல்லுவாங்க" என்றுவிட்டார் தாத்தா. அவர் நம்புவது என்னை மட்டும்தான், அம்மா. அடுத்த வருஷ அசனத்துக்காகத் தினமும் என்னிடம் ஒப்பிக்கிறார்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. பார்சலுக்குள் ரெண்டு வரி எழுதிப் போடு, திட்டாக இருந்தாலும் சரி.

முடிக்கிறேன். தாத்தா ஏழாவது கட்டளையோடு வாசலில் நிற்கிறார்.

உன் மகன்,
ரூபன்