பௌஸி எடுத்து வைக்கும் சோறு

அன்புள்ள தனுஷன் அண்ணாவுக்கு,

கொட்டாஞ்சேனையில் அம்மாவும் நானும் சுகம், மலைக்குள் இறங்கி ஏறும் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று அம்மா செவ்வாய்தோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியதை முதலில் தருகிறேன். தம்பி, நேரத்துக்குச் சாப்பிடு, கை வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் போடு, கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது, இனி மழைக்குப் பயமில்லை, ரதி படிக்கிறாள், வாய்தான் கூடிப்போச்சு. நீ ஏறி வருமுன்பே கூட வேலைசெய்யும் பௌஸி சுரங்க வாசல் பலகையிலிருந்து உன் டோக்கனையும் கழற்றிக் காட்டி உனக்குச் சூடாகச் சோற்றுப் பார்சல் வாங்கி வைக்கிறான் என்று எழுதியிருந்தாய், அந்தப் பிள்ளை நல்லாயிருக்க வேண்டும், அவன் இருக்கும்வரை எனக்குக் கவலையில்லை.

இனி எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அவர் தூங்குகிறார், நான் குசினி அடுப்போரம் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், உன் மலையில் சிக்னல் இல்லையே, விடிந்ததும் லொறிக்கார சந்திரகுமார் மாமா கடிதத்தை வாங்க வந்துவிடுவார். நேற்று பக்கத்து வீட்டு பேர்ணடெற் அன்ரி மீன் வெட்டிக்கொண்டே உன்னைப் பற்றிக் கேட்டார். களுபத்தல சுரங்கம் என்றேன். கத்தி அப்படியே நின்றது. அந்தப் பழைய குழியைத் திரும்பத் திறந்திட்டாங்களோ, கொண்ணனுக்கு வேற இடமே கிடைக்கேல்லையோ என்றார்.

வெள்ளைக்காரர் காலத்தில் அது ஒரு கிணற்றளவு குழிதானாம். பென்சிலுக்குப் போடும் கரி எடுக்க, கொடியால் கட்டிய மர ஏணியில் இறங்குவார்கள். இறங்குகிறவன் வாசல் ஆணியில் தன் தகரத் துண்டை மாட்டுவான், ஏறியதும் கழற்றிக் காட்டிக் கஞ்சி வாங்குவான், ஆணிகள் வெறுமையானால்தான் கீழே வெடி வைப்பார்கள். ஒருநாள் முதலில் ஏறிய கூட்டாளி, கஞ்சி தீர்ந்துவிடுமே என்று, பின்னால் வந்துகொண்டிருந்த சூசை என்பவனின் துண்டையும் கழற்றிவிட்டான். அவன் இரண்டு கோப்பையோடு நிற்கும்போதே கீழே வெடி வைத்துவிட்டார்கள். பிறகு பாறைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டதாம், உடைந்த கல் விழுகிறது என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தார்களாம். அந்தக் கரி மாட்டுவண்டியில் கொட்டாஞ்சேனைக்கு வந்தது. இங்கே கொட்டிலில் பெண்கள் அதைத் தரம் பிரித்து, சாக்கால் தேய்த்து மினுக்குவார்கள். சூசையின் மனைவி செசிலியும் அவர்களில் ஒருத்தி. புருஷனின் செய்தி வருமுன் அந்தக் கரி அவள் மடிக்கு வந்துவிட்டது. அன்ரி அவளுடைய வம்சம். கடைசி மட்டும் கையைக் கழுவமாட்டனெண்டுட்டாவாம் பிள்ள, வெள்ளி மாதிரி மினுங்கின கையோடதான் பெட்டியில வைச்சாங்களாம், கொம்மாவுக்குச் சொல்லிப்போடாத, அவ பிரஷர்காரி என்றார்.

அண்ணா, எனக்குப் பயமாயிருக்கிறது. பென்சில் பிடித்தால் உள்ளங்கை ஓரத்தில் அந்த மினுக்கம் ஒட்டுகிறது. இப்போதும் பலகைச் சுவருக்குள் ஏதோ தட்டுகிறது, அடுத்த வீட்டு மின்விசிறியாக இருக்கும், இருந்தும் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அங்கே இப்போதும் எல்லாரும் ஏறிய பிறகுதான் வெடி என்று நீதானே எழுதினாய். இப்பல்லாம் மெஷின்டி லூசு என்று சிரிப்பாய். ஆனால் வாசல் பலகைக்கு உன் டோக்கனைத்தான் தெரியும், உன்னைத் தெரியாது. பௌஸி நானாவோடு கோபிக்காதே, அவர் அன்பாகத்தான் செய்கிறார், அந்தக் கூட்டாளியும் அன்பாகத்தான் செய்தான். சோறு ஆறினாலும் பரவாயில்லை, உன் டோக்கனை உன் கையால் மட்டும் கழற்று. அவருடையதை நீயும் தொடாதே, மட்டக்குளியில் அவருக்கும் ரிஸ்லா என்று ஒரு தங்கச்சி இருக்கிறாள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே. இப்போதெல்லாம் சோறு ஆறித்தான் கிடைக்கிறது என்று மட்டும் எழுது. அம்மா அன்று முழுக்கப் புலம்புவார். நான் தூங்கிவிடுவேன்.

அம்மாவின் ஆசீர்வாதம் கீழேயும் மேலேயும் உன்னோடு இருக்கட்டும். எண்ணெய் போட மறக்காதே, இந்தத் தாளை வாசித்ததும் கிழித்துவிடு.

அம்மா பாக்கியலெட்சுமிக்காகவும் எனக்காகவும்,
உன் தங்கச்சி ரதி