இரண்டாம் முறை அறிவிக்கிறோம்

காஞ்சிபுரம்
21 ஏப்ரல் 2020

ஃபெபி அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் ஊரும் நலமாகத்தான் இருப்பீர்கள். நலத்தைக் கெடுக்க வந்த ஒருத்தியைத்தான் வெளியே நிறுத்திவிட்டீர்களே.

உங்கள் நம்பரை போனில் தடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் குரலை இப்போதைக்குக் கேட்க முடியாது என்னால். சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள். தபால்காரரை மட்டும் ஊருக்குள் விடுகிறீர்களாம், அத்தை சொன்னார்கள். ஃபெபியோடு அத்தையின் போனில் பேசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் கோயிலுக்குள் மைக் முன்னால் இருந்தீர்கள், வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியாது அல்லவா?

பத்து நாள் கொரோனா வார்டில் டூட்டி, ஏழு நாள் தனி அறை. டெஸ்ட் எடுத்து, நோய் இல்லை என்று தாள் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வேன் ஒரகடம் கூட்டுரோட்டில் இறக்கிவிட்டது. அங்கிருந்து நடந்தேன். ஒரு லாரி இல்லை, ஒரு கம்பெனி பஸ் இல்லை. வல்லம் வடகால் கம்பெனி வாசல்களில் செக்யூரிட்டிகள் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கால் கொப்பளித்துவிட்டது. ஆனாலும் ஈஸ்டருக்குப் பார்க்காத பிள்ளையைப் பார்க்கப்போகிறேன் என்று சிரித்துக்கொண்டேதான் வந்தேன், பைத்தியக்காரி.

நம் ஊர் ஆர்ச்சுக்குக் குறுக்கே சவுக்குக் கட்டை கட்டியிருந்தது. எதிர்வீட்டு ஜெனிஸ் காவல் நின்றான். பைக்கில் விழுந்து கால் கிழிந்தபோது தினமும் என்னிடம் கட்டுப் போட்டுக்கொண்டானே, அவன்தான். என்னைப் பார்த்ததும் நாலடி பின்னால் போனான். "இன்னாக்கா, இப்பப் போயி வந்துகீற? உள்ள வுடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கக்கா. தோ, மைக்குல சொல்லினுகீறாங்க, கேளு" என்றான்.

கேட்டேன். "ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் யாராக இருந்தாலும், நோய் தீரும்வரை ஊருக்குள் வரக் கூடாது என்று ஊர்க்கூட்டம் தீர்மானித்துள்ளது." ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களாம்! சவேரியார்மேட்டில் என்னைத் தவிர அப்படி வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

பன்னிரண்டு வருஷமாக எனக்குப் பிடித்த குரல். நடுவில் தொண்டையைச் செருமினீர்கள். சரி, இதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். "இரண்டாம் முறை அறிவிக்கிறோம்" என்று ஆரம்பித்து, மறுபடி முழுதும் வாசித்தீர்கள்.

போன மாசம் நர்சுகளுக்காகக் கைதட்டச் சொல்லி அறிவித்ததும் நீங்கள்தான். அன்றைக்கும் இரண்டு முறை.

வெட்கமாக இல்லையா?

இப்படிக்கு,
ஊருக்கு வெளியே நிற்கும்
ஜெர்சி


மரியே வாழ்க

சவேரியார்மேடு
28 ஏப்ரல் 2020

அன்புள்ள ஜெர்சிக்கு,

உன் கணவன் வில்சன் எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, ஃபெபி மூவரும் நலம். உன் நலத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அழுதேன்.

நீ ஆர்ச்சில் நிற்பாய் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. மறுநாள்தான் வருவாய் என்று நினைத்திருந்தேன். ஜெபமாலை முடிகிற நேரத்தில் செல்வநாதன் ஐயா வந்து தாளை நீட்டினார். "வில்சு, இத்தப் படிச்சுடு" என்றார். ஊர்த்தலைவர் கொடுக்கிற தாளை வாசிப்பதுதானே என் வேலை? சாவு, கல்யாணம், தண்ணீர் வராத நாள், ரேஷன் என்று எதைக் கொடுத்தாலும் வாசிக்கிறேன். தீர்மானம் என்னுடையது இல்லை. உன் பெயரும் அதில் இல்லை. நான் மறுத்திருந்தால் வேறொருவன் வாசித்திருப்பான். நம் வீட்டுக் குழாயை அடைத்துவிடுவோம் என்றும் கூட்டத்தில் பேசினார்களாம். குழந்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அம்மாவும் வயதானவர், ரொம்பப் பயப்படுகிறார்.

ஊர் நல்லதற்குத்தான் செய்கிறது. வாசலுக்கு வாசல் மஞ்சள் வேப்பிலைத் தண்ணீர் வைத்திருக்கிறோம். காலையில் கபசுரக் குடிநீர் கொடுக்கிறார்கள். ஃபெபி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள். ஏழாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டாள். கம்பெனி எப்போது திறக்கும் என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் தினமும் குரூப்பில் குட்மார்னிங் மட்டும் போடுகிறார்.

கொஞ்ச நாள் அங்கேயே பொறுத்துக்கொள். எல்லாம் அடங்கிவிடும். போனில் என்னைத் திறந்துவிடு, ஜெர்சி. எழுதி எழுதிப் பழக்கம் இல்லை எனக்கு.

உன் அன்புக் கணவன்,
வில்சன்


காஞ்சிபுரம்
10 மே 2020

ஃபெபி அப்பாவுக்கு,

மூன்று முறை அழுதீர்களாம். அந்த அழுகையைச் செல்வநாதன் ஐயா முன்னால் ஒரு முறை அழுதிருக்கலாம். "இது என் பெண்டாட்டி, நான் வாசிக்க மாட்டேன்" என்று சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா? வேறொருவன் வாசித்திருந்தால் அவன் மூஞ்சியைப் பார்த்துச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். வீடே எனக்கு எதிராக மைக்கில் பேசியது, நான் எங்கே போவது?

பெயர் இல்லையாம். பெயரைச் சொல்லியிருந்தாலாவது என்னை ஒரு மனுஷி என்று நினைத்தீர்கள் என்று வைத்துக்கொண்டிருப்பேன்.

நேற்று ஃபெபி போனில் என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மா, நீ வூட்டுக்கு வந்தா நாங்க செத்துப் போயிடுவோமா?" எட்டு வயசுப் பிள்ளை. போனை வைத்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு உடம்பு முழுக்க அந்த பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனேன். உள்ளே போனால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவன் மூச்சுக்குத் திணறுகிறான், என் கையை விட மாட்டேன் என்கிறான். அவன் பாஷை எனக்குத் தெரியாது. அவனுக்கு நான் தொற்று இல்லை. என் ஊருக்குத்தான் தொற்று.

எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைத்து அன்பாக எழுத எனக்கு வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதே மைக், அதே ஆறு மணி, உங்கள் குரல். "ஜெர்சியை வரக் கூடாது என்றது தப்பு. அதை வாசித்தது என் தப்பு. அவள் தன் வீட்டுக்கு வரலாம்." இவ்வளவுதான். யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம். இதை இரண்டு முறை சொல்லுங்கள். அன்றைக்கே வருகிறேன், பழசை ஒரு வார்த்தை கிளற மாட்டேன். சொல்லாதவரை அந்த ஆர்ச்சுக்குள் கால் வைக்க மாட்டேன். பின்பக்க வழியாக வா என்று அத்தையிடம் சொல்லி அனுப்பினீர்களே, நான் என்ன திருடியா?

இப்படிக்கு,
ஜெர்சி


மரியே வாழ்க

சவேரியார்மேடு
7 ஜூன் 2020

அன்புள்ள ஜெர்சிக்கு,

நலம். உன் கோபம் நியாயம். நான் இல்லை என்று சொல்லவில்லை. நீ கேட்டதைச் செய்யத்தான் போகிறேன். நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைவரிடம் இரண்டு முறை பேச்சை எடுத்தேன். "அவசரப்படாத வில்சு, ஜனங்க சூடா கீறாங்க" என்கிறார். அனுமதி இல்லாமல் மைக்கைத் தொட்டால் சாவியை வாங்கிவிடுவார்கள். பதினைந்து வருஷமாக அந்த மைக் என் கையில் இருக்கிறது. கம்பெனியில் நான் வெறும் கான்ட்ராக்ட் ஆள். லைனில் என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஊரில்தான் என் குரலை வைத்து என்னைத் தெரியும். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

நல்ல செய்தி. கம்பெனி திறந்துவிட்டது. பஸ் பழையபடி ஊருக்குள் கோயில் வரை வந்து ஆட்களை ஏற்றிக்கொள்கிறது. நம் ஊரில் மட்டும் நாற்பது பேர் ஏறுகிறோம். சீட்டுக்கு ஒருவர் என்றார்கள். இரண்டு நாள் நடந்தது, இப்போது நின்றுகொண்டு வருகிறோம். வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துச் சூடு பார்க்கிறார்கள். சூடு இருந்தால் சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் பையன்கள் பஸ் ஏறும் முன்பே ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொள்கிறார்கள். என் லைனில் இரண்டு பேருக்கு வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை, நீ பயப்படாதே.

ஃபெபிக்கு முன்பல் விழுந்தது. டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், நீ வந்து பார்க்க வேண்டுமாம்.

உன்,
வில்சன்


காஞ்சிபுரம்
14 ஜூன் 2020

ஃபெபி அப்பாவுக்கு,

அடடா! நாற்பது பேர் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் உரசிக்கொண்டு, கோயில் வாசல் வரை பஸ்ஸில் வரலாம். டெஸ்ட் எடுத்த தாளோடு நடந்து வந்த நான் வரக் கூடாது. இதை நீங்களே எழுதி, "நல்ல செய்தி" என்று மேலே தலைப்பும் போட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். நர்ஸ் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டாள்.

சவுக்குக் கட்டை பஸ்ஸுக்கு விலகுகிறதா, இல்லை பஸ் அதன்மேல் ஏறி வருகிறதா?

இன்னொன்று. உங்களுக்குத் தெரிந்திருக்காது. வியாழக்கிழமை காலையில் எனக்கு ஒரு போன். "யம்மா ஜெர்சி, நான் செல்வநாதன் பேசறேன்மா. வூட்ல அவளுக்கு மூச்சு வுட முடியல. பெட்டு இல்லன்றாங்க. நீ கொஞ்சம் பார்த்து சொல்லும்மா." எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன்: நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு ஓடினேன். டாக்டர் காலில் விழாத குறையாகக் கேட்டு, ஒரு கட்டில் வாங்கினேன். அந்த அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்தேன், தலை சீவினேன், கஞ்சி ஊட்டினேன். இப்போது பரவாயில்லை. அன்றைக்குச் சேர்த்துவிட்டுப் போகும்போது தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "ரொம்ப நன்றிம்மா. ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம், இன்னா?"

நானும் வெளியே சொல்லவில்லை. நோயாளியின் விஷயத்தைத் தெருவில் சொல்வது என் தொழில் இல்லை. உங்களுக்கு எழுதுவது, அவரிடம் நீங்கள் இனியும் நடுங்க வேண்டாம் என்பதற்காக. மைக் சாவியை நெஞ்சில் மாட்டிக்கொண்டு பெண்டாட்டியைத் தெருவில் விட்டவர் என்று நாளைக்கு ஃபெபி உங்களைப் பற்றி நினைக்கக் கூடாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இன்னும் காத்திருக்கிறேன்.

அந்தப் பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

ஜெர்சி


மரியே வாழ்க

சவேரியார்மேடு
5 ஜூலை 2020, ஞாயிறு

என் உயிருக்குயிரான ஜெர்சிக்கு,

செய்துவிட்டேன்! இப்போதுதான் கோயிலில் இருந்து வருகிறேன். சரியாக ஆறு மணி, ஜெபமாலை முடிந்ததும். நீ சொன்னபடி இரண்டு முறை. இந்தத் தடவை உன் பெயரையும் சொன்னேன்.

தலைவரிடம் நேராகப் போய், "ஐயா, இனி என்னால் முடியாது" என்றேன். அவரும் மனம் இரங்கினார். கூட்டத்தில் அவரே பேசினார். ஜனங்களுக்கும் சங்கடம் இல்லாமல், உனக்கும் கௌரவமாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். நீ கேட்டு மகிழ வேண்டும் என்று அப்படியே எழுதுகிறேன்:

"நமது ஊர் வில்சன் அவர்களின் மனைவி ஜெர்சி, ஊர்க் கட்டுப்பாட்டுக்குக் கீழ்ப்படிந்து இதுவரை வெளியே தங்கியிருந்தார். அவர் குடும்பத்தார் பணிவுடன் கேட்டுக்கொண்டதன் பேரிலும், ஊர்த்தலைவர் பெருந்தன்மையுடன் பரிந்து பேசியதன் பேரிலும், ஊர் அவரை மன்னித்து ஏற்றுக்கொள்கிறது. வந்தபின் பதினான்கு நாள் வீட்டு வாசலைத் தாண்டமாட்டார் என்று குடும்பத்தார் உறுதி அளித்துள்ளனர்."

முடித்ததும் வாசல்களில் நின்றவர்கள் கைதட்டினார்கள், ஜெர்சி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெனிஸ் வந்து கை கொடுக்கப் பார்த்து, பிறகு கும்பிட்டான்.

எப்போது வருகிறாய்? ஆட்டோ பிடித்து ஆர்ச்சு வழியாகவே வா. ஊரே பார்க்க வீட்டுக்கு அழைத்துப்போகிறேன். இப்போதாவது போனைத் திற.

உன்னையே நினைத்திருக்கும்,
வில்சன்


காஞ்சிபுரம்
9 ஜூலை 2020

வில்சன் அவர்களுக்கு,

மன்னித்துவிட்டீர்களா? எதற்கு? ஊர் சாப்பிடும் சோற்றில் நான் விஷம் வைத்தேனா? அன்றைக்காவது என்னை வெளியே நிறுத்தினீர்கள். இன்றைக்குக் குற்றவாளி ஆக்கி, விடுதலையும் கொடுத்து, கைதட்டும் வாங்கியிருக்கிறீர்கள். யார் என் சார்பில் பணிவுடன் கேட்டது? நான் கேட்டது மூன்று வாக்கியம். ஊர்த்தலைவரின் பெருந்தன்மைக்கு இடம் இருந்த அறிவிப்பில், உங்கள் தப்புக்கு ஒரு வரி இடம் இல்லை. இதைக் கௌரவம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே அப்படி நம்புகிறீர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை. யார் எதை எழுதி நீட்டினாலும் வாசிப்பவர். அந்த மனுஷனோடு இனி என்னால் ஒரு வீட்டில் இருக்க முடியாது.

இரண்டு மாசமாக நீங்கள் மைக் முன்னால் நிற்பதற்காகக் காத்திருந்தேன். காத்திருந்தது போதும்.

வாலாஜாபாத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டேன். ஒரு அறை, ஒரு சமையலறை. நர்ஸ் என்று சொல்லித்தான் கேட்டேன். கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் நாச்சியார் அம்மாவுடைய வீடு. "கைய மட்டும் சோப்பு போட்டு கழுவினு வாம்மா" என்றார்கள், அவ்வளவுதான்.

ஞாயிறு முழு ஊரடங்கு. அதனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். ஆர்ச்சில் நிற்க மாட்டேன், பிள்ளையை அழைத்துப்போக இந்த ஒரு முறை நேராக வீட்டுக்கே வருவேன். ஃபெபியின் பள்ளிப் பையும் துணிகளும் தயாராக இருக்கட்டும். பிள்ளையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாலாஜாபாத்துக்கு வரலாம், நான் கட்டை போட மாட்டேன்.

இன்னொரு விஷயம். உங்கள் அம்மா பயப்படுகிறார் என்று எழுதினீர்கள். நேற்று அவர் போனில் அழுதார். "என்னிக்குடி நான் பயந்தேன்? அவன் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா? தெருவே கை தட்டினுகீது, எனக்குத் தூக்கு மாட்டிக்கலாம் போல ஆயிடுச்சு. நானும் உங்கூடவே வந்துடறேன்" என்றார். நான்கு முறை வேண்டாம் என்றேன். பிடிவாதமாக இருக்கிறார். உங்களிடம் அவரே சொல்வார் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தில் தெரிந்துகொள்ளுங்கள்.

அத்தையின் பிரஷர் மாத்திரையும் கண்ணாடியும் அலமாரியில் மேல் தட்டில் இருக்கும். இரண்டையும் ஃபெபி பையில் வைத்துவிடுங்கள்.

சூ. ஜெர்சி,
ஸ்டாஃப் நர்ஸ்